அறிவிப்புக் காலம்

முதல் கேள்வியே
"எத்தனை வருஷமாக வேலையில் இருக்கிறார்?" என்பதுதான்.
பதினொன்று என்றேன்.
மறுமுனையில் ப்ரோனா பெருமூச்சு விட்டாள்,
அல்லது தேநீரை ஊதினாள்.
முதலாளிகளுக்கான ஆலோசனைக்கு மாதச் சந்தா கட்டுகிறேன்.
பெருமூச்சும் அதில் அடக்கமாக இருக்கலாம்.

கிரிம்ஸ்பி துறைமுகத்துப் பின்தெருவில்
மீனுக்குப் புகைபோடும் கூடம் என்னுடையது.
ஓக் மரத்தூள், கரியேறிய சுவர்,
இரவெல்லாம் கம்பியில் தொங்கும் ஹாடக்.
ஆறு வாரமாக எடை குறைந்தது,
பெட்டிக்கு ஒரு கிலோ, சில நாள் ஒன்றரை.
இரவுச் சாவி வைடோடாஸிடம்.
வேறென்ன வேண்டும் என்றேன்.

"ஆதாரம் வேண்டும்.
திருடன் என்று கடிதத்தில் எழுதாதீர்கள்,
வாயாலும் சொல்லாதீர்கள்.
விசாரிப்பவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர் வேறொருவராக இருப்பது நல்லது."
ஒன்பது பேர் வேலை செய்யும் இடத்தில்
இன்னொரு நானுக்கு
நான் எங்கே போவேன்?

மாதிரிக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது.
'பணியாளர் பெயர்' என்று ஒரு கட்டம்.
அதை நிரப்பப் போனபோதுதான்
அவன் பெயரை எப்படி எழுதுவதென்றே
எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது.
சம்பளச் சீட்டைப் பார்த்து எழுதினேன்.
'இந்த இடைநீக்கம் தண்டனை அல்ல'
என்றது மூன்றாம் பத்தி.
அவன் அந்த வரியில் விரலை வைத்து
என்னைப் பார்த்தான்.
பிறகு ரப்பர் பூட்ஸைக் கழற்றி,
தண்ணீர் வடியக் கவிழ்த்துவிட்டுப் போனான்,
எப்போதும் போல.

"எளிதானதை முதலில் சரிபாருங்கள்," என்றிருந்தாள் ப்ரோனா.
ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை.
கட்டுப் பிரிக்காத உப்பு மூட்டையைத் தராசில் ஏற்றினேன்.
மூட்டையில் அச்சடித்தது இருபத்தைந்து.
தராசு சொன்னது இருபத்துநாலு.
இறக்கி, ஏற்றி,
ஒருமுறை உதைத்தும் பார்த்தேன்.
குனிந்தபோது தெரிந்தது:
உப்புநீர் அரித்து ஒரு கால் தரையில் இறங்கியிருந்தது.
உப்பைத் தின்றவன்தான்
தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.
அன்று ராத்திரி எழுந்து எழுந்து
நான்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள், எட்டரை மணி.
"குற்றச்சாட்டைத் திரும்பப் பெற மாதிரிக் கடிதம் உண்டா?"
விசைகள் தட்டும் சத்தம்.
"விசாரணை முடிந்தது, மேல்நடவடிக்கை இல்லை என்று ஒன்று இருக்கிறது."
"அதில் மன்னிப்பு?"
"அந்தச் சொல் வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வோம்."
"பொதுவாகவா?"
"பொதுவாக," என்றாள் மறுபடி,
இந்த முறை கொஞ்சம் மெதுவாக.
பேனாவை எடுத்து
கடைசி வரிக்குக் கீழே நானே சேர்த்தேன்.

செவ்வாய் வந்தான்.
மீனை வாலோடு வால் கட்டித் தொங்கவிட்டான்.
பலகைத் துண்டு முட்டுக்கொடுத்த தராசில் நிறுத்தான்,
எண்ணை உரக்கப் படித்தான்.
இதற்கு முன் உரக்கப் படித்ததில்லை.
வெள்ளிக்கிழமை என் மேசைமேல்
இரண்டு வரியில் ஒரு தாள்.

"நான் அவனை அனுப்புவதென்றால் எத்தனை வாரம்?"
"வருஷத்துக்கு ஒன்று. பதினொன்று."
"அவனாகப் போனால்?"
"ஒப்பந்தத்தில் வேறு எழுதவில்லையென்றால் ஒரே வாரம்.
எத்தனை வருஷமானாலும்."
"மறுக்க முடியுமா?"
"முடியாது. கிடைத்ததென்று எழுத்தில் கொடுங்கள்."

எழுத்தில் கொடுத்தேன்.
பெயரைச் சீட்டைப் பார்க்காமல் எழுதினேன்.
நடுவில் ஓர் எழுத்து தப்பு.
அவன் திருத்தித் தந்தான்.

எடுக்காத விடுப்பு நாலரை நாள்,
கணக்கில் சேர்த்தாகிவிட்டது.
புதுத் தராசு அடுத்த திங்கள் வருகிறதாம்.
இறக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும்
என்று ரசீதில் போட்டிருக்கிறது.